பூட்டன் எந்த ஊர்? இணையத்தில் வம்சாவளி எழுதத் தொடங்குவோருக்கு

தங்கச்சியின் மகள் ரொறன்ரோவில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று போன வருடம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய பூட்டன், பூட்டி வரிசையில் தாய்வழி நால்வரும் எனக்கு அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா. அதனால் அந்த நாலு பெட்டியையும் நிரப்பிக் கொடுத்தேன். "மாமா, அவையின்ர அப்பா அம்மா?" என்று கேட்டாள். எட்டுப் பேரில் மூன்று பேரின் பெயர்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தொடங்கிய வேலை இப்போது நூற்றுக்கு மேற்பட்ட உறவினர்களோடு இணையத்தில் இருக்கிறது. அதைச் செய்த முறையை, யாழ்ப்பாணக் குடும்பங்களில் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: வயதில் மூத்தவரோடு கதையுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் போங்கள். போனில் ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அவர் உங்கள் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயரைக் கேட்டுத் தொடங்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். என் அம்மம்மாவிடம் "உங்கட அப்புவின்ர அப்பா பேர் என்ன?" என்று மூன்று முறை கேட்டேன், மறந்துபோச்சு என்றார். பிறகு வளவுக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். "அது என்ர அப்புவின்ர தேப்பன் வெட்டினது. மலாயாக் காசில வெட்டினது" என்றவர், அடுத்த மூச்சில் அவர் பெயரையும் சொன்னார், அவர் அங்கே ரயில்வேயில் கிளாக்காக இருந்ததையும் சொன்னார். காணி, கிணறு, கோவில் திருவிழா, யார் வீட்டுக் கலியாணத்துக்கு வண்டில் கட்டிப் போனார்கள் என்ற கேள்விகளுக்குப் பெயர்கள் தானாக வரும்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "95ல் வெளிக்கிடேக்க எந்தப் பெட்டியைத் தூக்கினீங்கள்?" 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனவர்கள் எதை விட்டாலும் காணி உறுதிப் பெட்டியை விட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெட்டி இப்போது யார் வீட்டில் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1981ல் யாழ் நூலகம் எரிந்ததில் ஏடுகளும் அரிய பிரதிகளும் போய்விட்டன. வீட்டுப் பெட்டிகளில் தப்பியிருப்பதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

உறவுமுறைச் சொற்களில் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் "பேரன்" என்று சொன்னால் அது பாட்டனாராக இருக்கலாம். குஞ்சியப்பு, சின்னையா, ஆசையம்மா எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். "அவர் உங்கட அப்பாவின்ர தம்பியோ, அம்மாவின்ர தம்பியோ?" என்று ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்துங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போலவே பதிவுப் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது: மரண அறிவித்தலை வரி வரியாக வாசியுங்கள்

வம்சாவளி எழுதுபவருக்கு நம் மரண அறிவித்தலைப் போல உதவும் கடதாசி வேறில்லை. இப்படித் தொடங்கும்: "யாழ். காரைநகரைப் பிறப்பிடமாகவும், கோலாலம்பூர், வெள்ளவத்தை ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட…" இந்த ஒரு வரியில் ஒருவரின் இடப்பெயர்வு முழுவதும் வரிசையாக வந்துவிடுகிறது. அடுத்து "காலஞ்சென்ற … தம்பதிகளின் கனிஷ்ட புத்திரியும்" என்று வரும். பெற்றோர் இருவரின் பெயரும் கிடைத்தது, கனிஷ்ட என்பதால் இவர்தான் கடைசிப் பெண்பிள்ளை என்பதும் தெரிந்தது. அப்புறம் மாமனார் மாமியார், சகோதரர், மைத்துனர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று போகும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன், சுவிஸ், கனடா என்று நாடும் இருக்கும். ஒரு அறிவித்தலில் நாலு, சில வேளை ஐந்து தலைமுறை. பழைய பத்திரிகை நறுக்கு, சுவரொட்டிப் படம் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

இறந்து 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர் அதைவிட விரிவானது. பலவற்றில் வம்சாவளிப் பக்கம் ஒன்று தனியாகவே இருக்கும். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, இலவசமாக வாசிக்கலாம். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது: கடதாசிகள்

உறுதியில் காணி எப்படி வந்தது என்ற பகுதியைப் படியுங்கள். இன்ன திகதியில் இன்ன நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) எழுதிய சீதன உறுதிப்படி இன்னாருக்கு வந்தது என்று இருக்கும். சீதன உறுதி என்றால் கலியாணத்தை ஒட்டிய திகதி, கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோர். பெண்களின் பெயர்கள் மறைந்துபோகும் வம்சாவளிகளில் தாய்வழியைக் காட்டித்தரும் கடதாசி இதுதான்.

பிறப்புச் சான்றிதழை முழுவதும் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதுவதற்கு இலங்கைச் சான்றிதழில் ஒரு கூடு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பிரதி இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம்.

சாதகக் குறிப்பில் ஆங்கில வருடம் இல்லாமல் தமிழ் வருடம் மட்டும் இருக்கக்கூடும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் ஒன்று. மற்றப் பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று பிடியுங்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால், 1927 பிரபவவில் மாசி மாதம் பிறந்தவர் ஆங்கிலக் கணக்கில் 1928ல் பிறந்தவர். நான் முதலில் இதைக் கவனிக்காமல் இரண்டு பேரின் வயதைப் பிழையாகப் போட்டுவிட்டேன்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். அமெரிக்க மிஷன் 1816ல் யாழ்ப்பாணம் வந்தது, 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் பலருக்கு அமெரிக்கப் பெயரும் இருந்தது. 1857ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்குக் கரோல் என்ற பெயரும் உண்டு. உங்கள் மூதாதையும் ஒரு பதிவேட்டில் ஒரு பெயரோடும் இன்னொன்றில் வேறு பெயரோடும் இருக்கலாம்.

நான்காவது: அட்டவணை

கூகுள் ஷீட்டில் ஆளுக்கு ஒரு வரி. முதல் நிரலில் இலக்கம். இது மிக முக்கியம், ஏனென்றால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். பிறகு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தகப்பன் இலக்கம், தாய் இலக்கம், துணையின் இலக்கம், இந்தத் தகவலை யார் சொன்னது. கடைசியாக ஊர் வரிசை: "வேலணை – காலி, சுருட்டுக்கடை – வேலணை – வவுனியா – பாரிஸ்" என்று அம்புக்குறி போல எழுதிவிடுங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் தெரிந்த நிகழ்வை வைத்து மட்டுக்கட்டுங்கள். காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை 1905ல் முழுமையானது. ரயிலேறிக் கொழும்புக்கு வேலைக்குப் போன தாத்தா அதற்குப் பிறகு போனவர். மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோன காலம் என்றால் அநேகமாக ஜப்பான்காரன் அங்கே இருந்த 1942க்கும் 1945க்கும் இடையில். 83 ஜூலைக் கலவரத்துக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். மட்டுக்கட்டிய ஆண்டுக்கு முன்னால் "சுமார்" என்று போட மறக்காதீர்கள்.

ஐந்தாவது: இணையத்தில் ஏற்றுவது

ஐந்து நாட்டில் இருக்கும் உறவினர் சேர்ந்து எழுத ஜெனி (Geni) என்ற வம்சாவளி இணையத்தளம் வசதியாக இருந்தது. மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பினால் அவரவர் பக்கத்தை அவரவரே நிரப்புவார்கள். ஃபமிலிசேர்ச் (FamilySearch) என்ற இணையத்தளம் முழுக்க இலவசம். ஆனால் அங்கே இறந்தவர்களின் விபரத்தை உலகில் யாரும் திருத்தலாம், அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எதையும் வெளியே போட விருப்பமில்லை என்றால் கிராம்ப்ஸ் (Gramps) என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள், நமக்குத்தான் அப்படியொன்று இல்லையே. நான் வைத்த விதி: அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயர். மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயர், மற்றதில் கணவன் பெயர். ஏதாவது ஒரு விதியை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே செய்யுங்கள். பெயரைத் தமிழிலும், பாஸ்போட்டில் உள்ளபடி ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரே தாத்தாவின் பெயர் லண்டனில் ஒருவிதமாகவும் கனடாவில் வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருக்கும். இரண்டையும் போட்டால்தான் தேடுபவருக்கு அகப்படும்.

மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையே நிறைய. மணமகள் ஏற்கனவே அத்தை மகளாக மரத்தில் இருப்பார். புதிதாக ஒருவரைச் சேர்க்காமல், இருப்பவரையே துணையாக இணையுங்கள். அட்டவணை இலக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் முகவரியையும் பொதுவில் விடாதீர்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பதுண்டு. போரில் இறந்தவர், காணாமல் போனவர் பற்றி எழுதுமுன் அந்தப் பிள்ளையின் தாயிடமோ சகோதரத்திடமோ கேளுங்கள். எங்கள் மரத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டு இல்லை. அவருடைய அம்மா அதை எழுத வேண்டாம் என்றார், கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

கடைசியாக: பிரதி

வருடத்துக்கு ஒரு முறை மரத்தை ஜெட்கொம் (GEDCOM) என்ற வம்சாவளிக் கோப்பாக இறக்குங்கள். அநேகமாக எல்லா வம்சாவளி மென்பொருளிலும் அது திறக்கும். ஒலிப்பதிவுகளையும் உறுதிகளின் படங்களையும் அதோடு சேர்த்து, ஒரு பிரதியை ஊரிலும் இன்னொன்றை வெளிநாட்டிலும் வையுங்கள். எங்களுடையது ஒன்று என்னிடம், ஒன்று தங்கச்சியின் மகளிடம். அம்மம்மாவுக்கு மட்டும் பெரிய எழுத்தில் கடதாசியில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பிழை கண்டால் பேனாவால் வெட்டி வைக்கிறார். போன மாதம் இரண்டு பெயர் திருத்தினேன்.