வர்ஜீனியா வுல்ஃப் மாதிரி ஒரு பக்கவாட்டு முகம் எடுப்பது எப்படி

1902 ஜூலையில், லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் இருந்த தன் ஸ்டூடியோவில் ஜார்ஜ் சார்லஸ் பெரெஸ்ஃபோர்ட் ஓர் இருபது வயதுப் பெண்ணைப் படம் எடுத்தார். பெயர் வர்ஜீனியா ஸ்டீபன். பிற்பாடு வர்ஜீனியா வுல்ஃப் என்ற ஆங்கில எழுத்தாளர் ஆனவர் இவர்தான். முதல் நாவல் வெளிவர இன்னும் 13 வருடம் இருந்தது. நமக்கு இடப்பக்கமாகத் திரும்பிய முகம், பிடரியில் தளர்வாக முடிந்த கொண்டை, வெள்ளை உடை. புத்தக அட்டைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் சித்தியின் முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் பின்னட்டைப் படம் நான்தான் எடுத்தேன். முதல் தடவை அலமாரி முன்னால் உட்காரவைத்து, கையில் பேனா கொடுத்து, ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். "இது நான் மாதிரியே இல்லடி" என்றார் சித்தி. சரியாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி பெரெஸ்ஃபோர்ட் படத்தைத் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். அதில் புத்தகமோ பேனாவோ மேசையோ கிடையாது. எழுத்தாளர் என்று காட்ட எதுவுமே இல்லை, முகம் மட்டும்தான் இருக்கிறது. மறுவாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன்.

வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது, நேர்வெயில் விழாது. ஆனால் ஆனி, ஆடியில் நம் ஊரில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்தால் போதும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

நாற்காலியை ஜன்னலிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள். உட்காருபவரின் மூக்கு ஏறக்குறைய ஜன்னலைப் பார்க்கட்டும், கேமரா அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். வெளிச்சம் நெற்றி, மூக்கு, உதடு என்று வழிந்து, காதருகே வரும்போது தணிந்துவிடும். கொண்டைப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு முடி ஒரே இருட்டுக் கட்டியாகப் போய்விடும். பின்னால் ஆறடி தள்ளி வெறும் சுவர் போதும்.

முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய் மினுமினுப்பு படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். கொண்டையை இறுக்க வேண்டாம். சித்தி ஜிமிக்கியோடு வந்தார். கழற்றிவிட்டுச் சின்னத் தோடு போடச் சொன்னேன். ஜிமிக்கி இருந்தால் கண் அங்கேதான் போகும்.

கேமராவில் 85 மிமீ லென்ஸ், போன் என்றால் இரண்டு மடங்கு ஜூம். ஏழடி தூரம், கண் உயரம். மறுபக்கத்து இமைமுடி மறையும்வரை முகத்தை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். அது பாதி தெரிந்தால் மூக்கின் கோடு கெட்டுவிடும். அப்புறம் பேசாமல் இருங்கள். சிரிக்கச் சொல்ல வேண்டாம், "இப்படிப் பாருங்க" என்றும் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் கழித்துச் சித்தி என்னை மறந்து, வெளியே கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எடுத்ததுதான் அட்டைக்குப் போனது.

வர்ஜீனியாவின் குடும்பத்துக்குப் பக்கவாட்டு முகம் புதிதில்லை. அவருடைய அம்மா ஜூலியாவை 1867-இலேயே இப்படி எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அம்மாவுக்குப் பெரியம்மா முறை, படக்கலையில் ஒரு மேதை. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து 1879-இல் அங்கேயே இறந்தார். மலையகத்தில் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது. வர்ஜீனியா பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

கறுப்பு வெள்ளையாக மாற்றும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் பிரதி பிளாட்டினம் அச்சு. சாதாரண போட்டோ தாளில் வெள்ளி ஒரு ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும். பிளாட்டினத்தில் அந்தப் படலமே கிடையாது. உலோகம் தாளின் நாரிலேயே படிந்துவிடும். அதனால்தான் பளபளப்பில்லாமல், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அத்தனை சாம்பல் படிகள். ஆகவே கான்ட்ராஸ்டை ஏற்றாதீர்கள். கறுப்பைச் சற்று மேலே தூக்குங்கள். அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதிலாக இருந்த தகடுகள் சிவப்பை அனேகமாக உணராதவை என்று சிலர் சிவப்பு ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். நம் தோலுக்கு அது ஆகாது, முகம் தேவைக்கு மேல் இருண்டுவிடும். துளி குறைத்தால் போதும்.

பிளாட்டினம் அச்சில் நெகடிவைத் தாள்மேல் ஒட்டிவைத்துத்தான் அச்சிடுவார்கள், அதனால் நெகடிவ் அளவுதான் படத்தின் அளவு. அந்த மூலப்படமும் ஏறக்குறைய 6 அங்குலத்துக்கு 4 அங்குலம்தான். நீங்களும் பெரிதாக்க வேண்டாம். பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அதே அளவில் அச்சடித்து, பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும்.