வீட்டில் குரல் தாழும் இடத்திலிருந்து ஒரு போட்டோ ப்ராஜெக்டைத் தொடங்குவது எப்படி

கடைசி வருட ப்ராஜெக்ட் நெருங்கும்போது விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற யாராவது ஒருவர் எனக்கு போன் செய்துவிடுவார். "அக்கா, யாரும் தொடாத சப்ஜெக்ட் பண்ணணும், ஐடியா சொல்லுங்க" என்பார்கள். உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கூவாகம், சுடுகாடு, பாலியல் தொழில், இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். இவற்றை எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சித்திரையில் கூத்தாண்டவர் கோவிலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், தாலி அறுத்து வளையல் உடைத்து அழுகிற ஒரு திருநங்கையைச் சுற்றிப் பத்து கேமராவாவது நிற்கும். பதினோராவது கேமராவுக்கு அங்கே என்ன வேலை? அதே திருநங்கை ஊருக்குத் திரும்பி வாடகைக்கு வீடு கேட்டுப் படியேறி இறங்குவதை எடுக்க ஒருவரும் போவதில்லை. அங்கே வண்ணம் இல்லை, கூட்டமும் இல்லை, எடுத்தால் படம் நன்றாக வருமா என்றுகூடத் தெரியாது. அந்த "தெரியாது"தான் நல்ல தொடக்கம்.

இதுவரை என்னிடம் வந்தவர்களுக்கு நான் சொன்ன வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஒரு வாரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். காதை மட்டும் திறந்து வையுங்கள். பள்ளியில் நன்னூலில் தகுதி வழக்கு படித்திருப்பீர்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்து மறந்த இந்த மூன்றும் ஒரு புகைப்படக்காரருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. வெட்கத்தால் வேறு வார்த்தை போட்டுச் சொல்வது இடக்கரடக்கல், மலம் கழித்து வந்ததைக் கால் கழுவி வந்தேன் என்பது போல. அபசகுனம் என்று பயந்து மாற்றிச் சொல்வது மங்கலம், சுடுகாட்டை நன்காடு என்றது போல. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. ஒரு சமூகம் எதைச் சொல்லக் கூசுகிறது, எதற்குப் பயப்படுகிறது, எதை வெளியாட்களிடமிருந்து மறைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டு வாங்கி, வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் இப்படி மாற்றிப் பேசும்போதெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். "அவ தூரம்", "அந்தப் பொண்ணுக்குக் கலைஞ்சிருச்சு", "தாத்தாவுக்குக் கொஞ்சம் மறதி", "அவன் மாத்திரை சாப்பிடுறான், அதிகமா பேச்சு குடுக்காதே", "நம்ம ஆளுங்களா?" கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒருவர் வளர்ந்திருக்கவே முடியாது. சாதியைப் பெயர் சொல்லாமல் விசாரிக்க நம்மிடம் எத்தனை விதமான கேள்வி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில் தொங்கும் டு-லெட் போர்டில் "சைவம் மட்டும்" என்று எழுதியிருப்பதும் அதில் ஒன்று. சென்னையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அந்த போர்டுகளை மட்டும் ஆறு மாதம் எடுத்தாலே ஒரு ப்ராஜெக்ட் ஆகிவிடும். ஒருவர் முகமும் அதில் வரத் தேவையில்லை.

சொற்களோடு கைகளையும் கவனியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் எதைக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள், எந்த ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் வைக்கிறார்கள், யார் வந்தால் எந்த அறைக் கதவு சாத்தப்படுகிறது. ஒரு வாரத்தில் முப்பது குறிப்பாவது சேரும். அவற்றில் எதை எழுதும்போது உங்கள் கையே ஒரு நொடி நின்றதோ அதற்கு ஒரு வட்டம் போடுங்கள்.

அடுத்த வேலை, தலைப்பைச் சின்னதாக்குவது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். மாதவிலக்கு, மனநலம், சாதி என்று ஒற்றைச் சொல்லில் ஒரு ப்ராஜெக்ட் இருக்க முடியாது, அதெல்லாம் கடல். ஒரு இடம், ஒரு நேரம், ஒரு பொருள், இவை தெரிகிற மாதிரி ஒரு கேள்வியாக எழுதிப் பாருங்கள்.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா மாதவிலக்கு நாட்களில் பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்த துணியைத்தான் பயன்படுத்தினார். கிணற்றடிக்குப் பின்னால், ஓலைத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கும், அதில் எப்போதும் ஒரு பழைய பாவாடை விரித்தே கிடக்கும். அது ஏன் மடிக்கப்படுவதே இல்லை என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. பாவாடைக்கு அடியில்தான் அந்தத் துணி காயும். காயும் என்று சொல்வதுகூடத் தப்பு, அங்கே வெயிலே வராது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, அந்த அரை ஈரத் துணியைத்தான் மறுபடி எடுத்துக் கட்டிக்கொள்வார். வெயிலில் நன்றாகக் காய்ந்தால்தான் கிருமி போகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் வெயில் படுகிற இடம் என்றால் அது நாலு பேர் கண் படுகிற இடமும்தானே.

என் கேள்வி அப்படித்தான் பிறந்தது: எங்கள் தெருவில் இந்தத் துணி எங்கே காய்கிறது? பதினொரு வீட்டில் கேட்டேன், ஏழு வீட்டில் சம்மதித்தார்கள். மாட்டுத் தொழுவத்து மூலை, கட்டிலுக்கு அடியில் கட்டிய கயிறு, குளியலறைக் கதவின் உள்பக்க ஆணி, மாடியில் பெட்ஷீட்டுக்கு அடியில். ஏழு படத்திலும் வெளிச்சம் போதாது. முதலில் அது என் குறை என்று நினைத்து ரிஃப்ளெக்டர் எடுத்துக்கொண்டு போனேன், வந்த படத்தைப் பார்த்தால் மொத்தமும் பொய்யாகத் தெரிந்தது. அந்த இருட்டுதான் விஷயமே. பிறகு டிரைபாட் வைத்து, இருந்த வெளிச்சத்திலேயே ஷட்டரை நீளமாகத் திறந்து வைத்து எடுத்தேன்.

கேள்வி கிடைத்துவிட்டால், வேறு யார் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். காப்பியடிப்பதற்காகச் சொல்லவில்லை, ஏற்கனவே செய்ததைத் திரும்பச் செய்யாமல் இருக்கத்தான். மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களை, மலக்குழி மரணங்களில் ஆளை இழந்த குடும்பங்களைப் பல வருடமாகப் படமெடுத்து வருகிறார். மீன் விற்கும் தன் அம்மாவையும் அவர் எடுத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே மாதிரி பக்கத்தில் நின்று எடுத்தது தெரியும். மனிதர்களைக் கழிவு அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது, மரணம் மட்டும் நிற்கவில்லை. இந்த விஷயத்தை நீங்கள் எடுப்பதாக இருந்தால், குழிக்குள் இறங்குகிறவரை மேலேயிருந்து பார்க்கும் படம் போதுமான அளவு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படமெடுக்கவே முடியாததை எப்படி எடுப்பது என்று தவிப்பவர்கள் ஸ்பெயின் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லாயா அப்ரிலைத் தேடுங்கள். கருக்கலைப்பு மறுக்கப்பட்டால் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்பதை 2016-ல் அவர் காட்சிக்கு வைத்தார். பழைய மருத்துவக் கருவிகள், பொருட்கள், ஆவணங்கள், சாட்சியங்கள், உருவப்படங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய வேலை அது. எல்லாவற்றையும் ஒரு ஆளின் முகத்தில் ஏற்றிச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

எல்லாமே கூச்சமான விஷயமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தினமும் கண்ணெதிரே இருந்தும் பார்க்காமல் கடந்துபோகிற விஷயம் பல சமயம் அதைவிடக் கனமானது. ஒரு மாணவியின் அக்கா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் அது 2018-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகு என்ன மாறியது என்று எடுக்க அந்த மாணவி ஆசைப்பட்டாள், கடைக்குள் கேமராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அழாத குறையாக வந்து நின்றாள். அக்கா ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன். "காலைத் தூக்கி சுவத்துல வச்சுட்டுப் படுத்துப்பா." சரி, அங்கேயே ஆரம்பி என்றேன்.

பத்தரை மணிக்கு மேல், ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் எடுத்த படங்களை என்னால் மறக்க முடியவில்லை. சுவரில் சாய்த்த இரண்டு கால்கள், முழங்காலுக்குப் பின்னால் பச்சையாகப் புடைத்து முறுக்கிய நரம்புச் சுருட்டல், வெந்நீரில் கல் உப்புப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட், குதிகாலில் பித்தவெடிப்பு. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பி எடுத்துப்போன பாட்டில், ராத்திரியும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணும், போனால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேள்வி வரும். இருபது நாள், இருபது பாட்டில், ஒரே மேஜை, ஒரே கோணம். அனுமதி கிடைக்காமல் போனதால்தான் அவளுக்கு அந்த வரிசை கிடைத்தது.

இனி சம்மதம். கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எடுப்பதற்கு முன் ஒருமுறை, எடுத்ததைக் காட்டி ஒருமுறை, எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று சொல்லி ஒருமுறை, ஆக மூன்று தரம் கேளுங்கள். கல்லூரிச் சுவரில் மாட்டுவதற்குச் சரி என்றவர் இன்ஸ்டாகிராமுக்கும் சரி என்று சொன்னதாக அர்த்தமில்லை. அவர் மறுத்துவிட்டால் அந்தப் படம் இல்லை, அவ்வளவுதான், கெஞ்சக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவமனையில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தில் குற்றம், குழந்தையின் முகம் மட்டுமல்ல, வீடு, பள்ளி, குடும்பம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கிற எல்லாமே அதில் அடங்கும். முதல் ப்ராஜெக்டுக்கு இந்த இரண்டு பக்கமும் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அதற்கு அனுபவமும் பக்கத்தில் வழிகாட்ட ஆளும் வேண்டும்.

முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், கொடியில் பக்கத்தில் தொங்கிய ஒரு புடவையை வைத்து அது யார் வீடு என்று எங்கள் தெருவில் ஒரு பெண் நொடியில் சொல்லும் வரை. புடவைக் கரை, காலண்டரில் அச்சடித்த கடைப் பெயர், வண்டி நம்பர், யூனிஃபார்ம், கண்ணாடியில் விழும் பிம்பம், எல்லாவற்றையும் ஒவ்வொரு படத்திலும் தேடுங்கள். போனில் எடுப்பவர்கள் லொக்கேஷனை முதலிலேயே அணைத்துவிடுங்கள், இடத்தின் விவரம் படத்தின் ஃபைலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேமரா எது, லென்ஸ் எது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 35 அல்லது 50 எம்.எம். ஒன்று போதும், போன் இருந்தாலும் போதும். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுக்காதீர்கள், இந்த மாதிரி விஷயங்களில் அது ஒளிந்திருந்து பார்ப்பது போலத்தான் தெரியும்.

முதல் இரண்டு வாரத்தில் ஐந்தே ஐந்து படம் எடுத்து, நாலுக்கு ஆறு சைஸில் பிரிண்ட் போட்டு, விஷயமே தெரியாத ஒருவர் முன்னால் தரையில் பரப்பி வையுங்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லாதீர்கள். "ஐயோ பாவம்" என்று அவர் சொன்னால் ஏதோ தவறியிருக்கிறது, படத்தில் இருப்பவரைக் கீழே வைத்து எடுத்திருக்கிறீர்கள். "இது எங்க வீட்லயும் உண்டு" என்றோ, ஒன்றும் சொல்லாமல் ஒரு படத்தை மட்டும் கையில் எடுத்தோ பார்த்தால் தொடருங்கள்.

ஜப்பானில் பாதரசக் கழிவால் வந்த மினமாட்டா நோயால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் யூஜின் ஸ்மித்தின் 1971 படத்தை வகுப்பில் காட்டியிருப்பார்கள். உலகம் முழுக்கப் போன படம். 1990-களின் கடைசியில் அந்தப் பெண்ணின் பெற்றோர், இனி அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அந்தப் படத்தை மேலும் வெளியிட வேண்டாம் என்று கேட்டார்கள். அப்போது ஸ்மித் உயிரோடு இல்லை, அவரோடு சேர்ந்து வேலை செய்த ஐலீன் ஸ்மித் அதற்கு இணங்கினார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான், படத்தில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து "எடுத்துடுங்க" என்று சொல்லலாம் என்பதை நான் முதல் நாளே வாயால் சொல்லிவிடும் பழக்கத்துக்கு வந்தேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லா பிரிண்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்தந்த வீட்டுக்குப் போங்கள். ஆளுக்கு ஒரு காப்பி கொடுங்கள், பிடிக்காததை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்கு ஏழு வீட்டில் ஒருவர் மறுத்தார், அவர் படத்தை உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு படம்தான் சுவரில் ஏறியது. என் அம்மா தன் காப்பியை வாங்கி ஒருமுறை பார்த்தார், பீரோவைத் திறந்து புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அடுத்த மாதம் நான் ஊருக்குப் போனபோது கிணற்றடிக் கயிற்றில் அந்தப் பழைய பாவாடை இல்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.