அம்பிளிபயருக்கு நாங்களே செய்யும் மரத்தட்டு

கண்ணாடிக் கதவு போட்ட ரீவி ஸ்ராண்டுக்குள் அம்பிளிபயரைப் பூட்டி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் விறாந்தையில் இருக்கிற எங்களுக்கே மூச்சு முட்டுகிறது, அது பெட்டிக்குள் கிடந்து என்ன பாடுபடும்? முன்னும் பின்னும் திறந்த தட்டுத்தான் இந்த ஊருக்குச் சரி. நான்கு பலகை, ஒரு மீற்றர் நீளத்தில் நான்கு திரெட் பார் (முழுக்கப் புரி போட்ட கம்பி, 12 மில்லிமீற்றர் கனம்), 32 நட், 32 வாசர், கால்களுக்கு இன்னும் நான்கு நட். பொருத்து வெட்டத் தெரியாதவரும் செய்யலாம்.

முதலில் மரம். பனை எங்கள் ஊர் மரம்தான், ஆனால் அகலமான பலகை அதில் எடுக்க முடியாது, சிராய் வேறு கையைக் கிழிக்கும், அதனால் ஆசைப்பட வேண்டாம். பலா அழகு, ஆனால் விலை, தறிக்கவும் அனுமதி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த வேம்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், கறையான் லேசில் தொடாது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கு, முதிரைக் கதவுப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம் இனி எங்கே வளையப் போகிறது. அதற்குள் உடைந்து நிற்கிற ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிவிட்டுத்தான் மரக்காலைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் வாளின் பல்லும் போகும், உங்களுக்கு ஏச்சும் விழும். எம்டிஎப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை மலிவுதான், ஆனால் மாரியில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

ஒவ்வொரு பலகையும் 22 அங்குல நீளம், 18 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. சாதாரண அம்பிளிபயர் 17 அங்குல அகலம் இருக்கும், கம்பிகளுக்கு நடுவில் அது தாராளமாக உட்காரும். அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை கிடைக்காது, இரண்டு மூன்றைப் பசை போட்டு ஒட்டுவித்துச் சீவி எடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை, துளை. நான்கு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்து (வைக்காவிட்டால் துளையின் அடிவாய் பிளந்து வரும்), நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே துளையுங்கள். முதல் துளை போட்டதும் அதற்குள் கம்பியைச் செருகிவிட்டு மற்ற மூன்றையும் போட்டால் அடுக்கு நகராது. துளை 14 மில்லிமீற்றர் இருக்கட்டும். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு அது ஏன் என்று கேட்பீர்கள். சோளகக் காற்றில் மரம் சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதும், அகலப்பக்கமாக அது அசைய இடம் விடாவிட்டால் பலகை வெடிக்கும்.

வார்னிஷை மெல்லியதாக இரண்டு தரம் பூசுங்கள், நடுவில் ஒருமுறை சாண்ட் பேப்பர் போட வேண்டும். மாரி காலத்தில் பூசினால் காயாது, பிறகு அம்பிளிபயரின் றப்பர்க் கால் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பூட்டும்போது கீழிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு நட்டும் வாசரும், மேலே ஒரு வாசரும் நட்டும். நிலத்திலிருந்து நான்கு அங்குலம் விட்டு முதல் தட்டு, அதற்கு மேல் பதின்மூன்றரை அங்குல இடைவெளி, இசைத்தட்டு உறைகள் நிமிர்ந்து நிற்க அது காணும். பாரமெல்லாம் அடியில் இருப்பதுதான் நல்லது, ஒரு அடி நீளத்துக்கு அடுக்கினாலே இசைத்தட்டு 15 கிலோ அளவில் வரும். அடுத்த இடைவெளி ஒன்பது அங்குலம், அம்பிளிபயருக்கு, அதன் தலைக்கு மேல் மூன்று அங்குலமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பிறகு சீடி பிளேயருக்கு ஏழு. உச்சியில் ரெக்கோட் பிளேயர். மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பியை அறுத்து, உச்சித் தட்டின் மேல் நட்டுக்குப் பதிலாகக் குமிழ் மூடி நட் போட்டால் கையில் கீறாது. மட்டம் பார்த்து, கீழ் நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பித் திருத்துங்கள், ரெக்கோட் பிளேயர் சரிவாக நின்றால் ஊசி ஒரு பக்கம் இழுக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தட்டுகள் ஒலியையே மாற்றும் என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, மட்டமாக, ஆடாமல் நின்றால் போதும்.

கால்களுக்கு, கம்பி முனையில் நட்டை இறுக்கி, ஊன்றுகோலுக்குப் போடுகிற றப்பர் மூடியை அதன்மேல் மாட்டுங்கள், சீமெந்துத் தரையும் கீறாது. குருநகர், பாசையூர் பக்கம் கடலோரமாக இருந்தால் சாதாரண இரும்புக் கம்பி கெதியாகக் கறள் பிடிக்கும், ஸ்ரெயின்லெஸ் வாங்குங்கள்.

கரண்ட் வயரைப் பின்பக்க இடது கம்பியோடும், ஒலி வயரை வலது கம்பியோடும் கட்டினால் அந்த 'ம்ம்' இரைச்சல் குறையும். தட்டைச் சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளி வையுங்கள். காற்றும் போகும், இடி முழங்கத் தொடங்க முன்னமே பிளக்கைக் கழற்றக் கையும் போகும்.