காப்பகத்தோடு கைகோத்து நாய்களைத் தத்துக் கொடுப்பது எப்படி? புதிய மீட்புக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

காப்பகங்களில் இடம் இல்லை. சின்னச் சின்ன மீட்புக் குழுக்களிடமோ, ஒரு நாயைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்ப்பது புது யோசனை அல்ல. 1994-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நகரக் காப்பகமும் எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு வதைத் தடுப்பு அமைப்பும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தத்துக் கொடுக்கத் தகுந்த நாய், பூனை எதற்காவது நகரக் காப்பகத்தில் வீடு அமையாவிட்டால் எஸ்.பி.சி.ஏ. எடுத்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். உங்கள் குழுவில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும், அளவில் சிறியதாக இதே வேலையை உங்களாலும் செய்ய முடியும்.

1. முதலில் இடத்தைக் கணக்குப் பாருங்கள்

எத்தனை நாய்களைக் காப்பாற்ற ஆசை என்பதை ஒதுக்கி வையுங்கள். இன்று எத்தனை ஃபாஸ்டர் வீடுகள் (தத்துப் போகும் வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள்) காலியாக இருக்கின்றன? அந்த வீட்டில் வேறு நாய் உண்டா, சின்னக் குழந்தை உண்டா, புது நாயைத் தனியே வைக்க ஓர் அறை உண்டா? ஒரு நாய்க்குத் திடீரென்று சிகிச்சை தேவைப்பட்டால் பணம் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் பார்த்தபின் கிடைக்கும் எண் ஒன்று என்றால், ஒரு நாயோடு தொடங்குங்கள். ஒப்புக்கொண்ட நாயைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் குழுவைக் காப்பகம் அடுத்த முறை கூப்பிடாது.

2. காப்பகத்தை அணுகுங்கள்

குழுவின் பதிவுச் சான்று, வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் விவரம், நீங்கள் பயன்படுத்தும் தத்துப் படிவத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தரப்பில் பேச ஒரே ஒருவரை நியமியுங்கள். நான்கு பேர் நான்கு விதமாக வாட்ஸ்அப்பில் கேட்டால் அங்குள்ளவர்களுக்குத் தலைவலிதான். இன்னொன்று: காப்பகத்தைத் திட்டி இணையத்தில் பதிவு போட்டுவிட்டு அடுத்த நாள் அதன் வாசலில் போய் நிற்காதீர்கள். குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். கூண்டு கழுவுகிறவர்களும் நாய்க்காகத்தான் அங்கே இருக்கிறார்கள்.

3. எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமான படி வேறில்லை. நாய் காப்பகத்தின் வாசலைத் தாண்டிய நிமிடமே உங்கள் பொறுப்பா, அல்லது தத்துப் போகும் வரை சட்டப்படி காப்பகத்துடையதா? இதற்கு விடை தெரியாமல் தத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை என்றே சொல்ல முடியாது. கருத்தடையை யார் செய்வது, பாதியில் நிற்கும் சிகிச்சைக்கு யார் செலவு செய்வது, ஒப்புக்கொண்ட நாயை எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

நாய் யாரையாவது கடித்திருந்தால் அந்தத் தகவலைக் காப்பகம் மறைக்காமல் தர வேண்டும். நீங்களும் தத்தெடுப்பவரிடம் மறைக்கக் கூடாது. அப்புறம், திரும்பி வரும் நாய். புது வீட்டில் ஒத்துவராமல் ஆறு மாதம் கழித்து நாய் திரும்பினால் யார் வாங்கிக்கொள்வது? என்னைக் கேட்டால் அது குழுவின் கடமை. அப்படியே எழுதுங்கள். தத்தெடுப்பவருக்கும், பிடிக்காவிட்டால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் உங்களிடமே கொண்டுவர வேண்டும் என்று படிவத்தில் சொல்லுங்கள்.

4. நாயைத் தேர்ந்தெடுப்பது

கூண்டுக் கம்பியில் பாய்ந்து குரைக்கும் நாயைப் பார்த்ததும் முரடு என்று முடிவு கட்டாதீர்கள். சத்தமும் அடைசலும் எந்த நாயையும் மாற்றிவிடும். அதை வெளியே திறந்த இடத்துக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். தரையை முகர்கிறதா, உடம்பை உதறிக்கொள்கிறதா, தானாக வந்து கையை மோந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். தினமும் அதற்குச் சோறு வைப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூண்டில் மாட்டியிருக்கும் விவர அட்டையில் இல்லாத விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

5. முதல் இரண்டு வாரம் தனியே

ஃபாஸ்டர் வீட்டுக்கு வந்த நாயை மற்ற நாய்களோடு உடனே விடக் கூடாது. நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றியிருந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் வெளியே தெரிய அதற்கு மேலும் ஆகலாம். காப்பகத்தில் நேற்றுப் போட்ட தடுப்பூசி இன்றே காப்பாற்றிவிடாது. குட்டிகளுக்குக் குறைந்தது 16 வாரம் வரை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போட வேண்டும்.

வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பது: இவற்றைப் பார்த்தால் காலை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, 1 பங்கு வீட்டு உபயோகப் பிளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் நாய் பக்கத்தில் இருக்கக் கூடாது.

6. வீடு தேடுவது

நல்ல வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து படம் எடுங்கள். குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: பூனையைத் துரத்தும், இடிக்குப் பயப்படும், காரில் அமைதியாக வரும். தத்துக் கேட்டு வருபவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருந்தால், அந்த எண்ணுக்கான பதிவில் புதியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அன்றே மாற்றுங்கள். நாய் தொலைந்தபோது அந்தப் பதிவில் பழைய தொலைபேசி எண் இருந்தால் சிப்பால் பயனில்லை.

7. காப்பகத்துக்குச் சொல்லுங்கள்

நாய் எந்தத் தேதியில் தத்துப் போனது, கருத்தடை ஆனதா, இப்போது எப்படி இருக்கிறது என்று நாலு வரியும் ஒரு படமும் அனுப்புங்கள். அவர்களுடைய பதிவேட்டை முடிக்க இது தேவை. அடுத்த நாயைக் கேட்பதற்கு முன், கொடுத்த நாய் புது வீட்டில் நிலைத்துவிட்டதா என்று ஒரு மாதம் கழித்து ஃபோன் போட்டு விசாரித்துவிடுங்கள். அது திரும்பி வந்தால் வைக்கவும் உங்களிடம் ஓர் அறை காலியாக இருக்க வேண்டும்.