எம்எக்ஸ்டி டிடெக்டர் மறுபடி வந்தால்: கோரிக்கைப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயிட்ஸ் நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த எம்எக்ஸ்டி மெட்டல் டிடெக்டர் இன்னும் பல கைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஸ்வீட் ஹோம் என்ற ஊரில் இருந்த அந்த நிறுவனம் 2020-ல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்புகளை காரெட் என்ற இன்னொரு டிடெக்டர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒயிட்ஸின் தங்கம் தேடும் கருவியான கோல்ட்மாஸ்டர் 24கே காரெட் பெயரில் மறுபடி கடைக்கு வந்ததால், எம்எக்ஸ்டிக்கும் ஒரு புது வடிவம் வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. என்னென்ன வேண்டும் என்று ஆளாளுக்குப் பட்டியலும் போடுகிறார்கள்.

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் விளம்பரத் தாளில் அச்சாகும் எண்களிலிருந்து தொடங்குகின்றன. பெங்களூரில் இருந்துகொண்டு கேட்பவர் தன் காலடி மண்ணிலிருந்தும், தேடப்போகும் பொருளிலிருந்தும் தொடங்க வேண்டும். இங்கே இந்தக் கருவிக்கு வரும் வேலை என்ன? அபார்ட்மென்ட் புல்தரையில் விழுந்த மோதிரம், காலி சைட்டில் தொலைந்த சங்கிலி, தார் போட்டு மூடிவிட்ட வால்வு மூடி, இடித்த வீட்டுத் தேக்குச் சட்டத்தில் அறுக்கும் முன் தேட வேண்டிய ஆணி. இவற்றுக்கு எது உதவுமோ அதைக் கேட்க வேண்டும்.

"இன்னும் ஆழம் வேண்டும்" என்று எழுதுவது

எல்லாப் பட்டியலிலும் முதல் வரி இதுதான், பயன் குறைந்த வரியும் இதுதான். கருவியின் அடியில் தட்டுபோல இருக்கும் கம்பிச்சுருள்தான் காயில். அதிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பத் தேய்கிறது. பொருளில் எழும் எதிர்ப்புலமும் திரும்பி வரும் வழியில் அதே அளவு தேய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் படி. காயிலுக்கு மிக அருகில் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும் என்றாலும், ஆழம் பற்றிய பேச்சில் இதுதான் ஆட்சி செய்கிறது. ஒரே மோதிரத்தை இரண்டு மடங்கு ஆழத்தில் அதே பலத்தோடு கேட்க 64 மடங்கு சிக்னல் வேண்டும். காயிலில் ஓடும் மின்னோட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் ஆழம் சுமார் 12 சதவீதம்தான் கூடும், 20 செ.மீ. இருந்தது 22.5 செ.மீ. ஆகும். பேட்டரி அதற்குரிய விலையைக் கொடுக்கும். மண்ணிலிருந்து வரும் இரைச்சலும் கூடவே இரண்டு மடங்காகும்.

பெங்களூரில் ஆழத்தைத் தின்பது பெரும்பாலும் அந்த மண் இரைச்சல்தான். இங்கே செம்மண், அதில் இரும்பு ஆக்சைடு. அதற்கு மேல், லேஅவுட் சமப்படுத்தும்போது கொட்டிய கட்டட இடிபாடு. சூளையில் சுடும்போது செங்கல்லில் உள்ள இரும்பு ஆக்சைடு காந்தத்தன்மை கூடிய வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் உடைந்த செங்கல் துண்டு ஒன்று, சுற்றியுள்ள மண்ணுக்குச் சரிசெய்து வைத்த கருவியை உலோகம்போலக் கூவ வைக்கும். பத்து செ.மீ.க்கு ஒரு கட்டுக்கம்பித் துண்டும் ஆணியும் கிடக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழம் போகும் கருவி, தோண்ட வேண்டிய குப்பையைத்தான் கூட்டித் தரும்.

ஆகவே "ஆழம்" என்ற இடத்தில் இப்படி எழுதலாம்: மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் அளவை நுண்ணிய படிகளில் கையால் மாற்றும் வசதி, மண்ணின் கனிமச் செறிவைக் காட்டும் தனி அளவுகோல், அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துச் சொல்லும் மீட்பு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. மீட்பு வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் ஆழம் குறையும் என்பதையும் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். குப்பை நிறைந்த இடத்துக்கு அது நல்ல பேரம்.

எல்லாவற்றையும் தானியங்கியாக்கச் சொல்வது

எம்எக்ஸ்டியின் முகப்பில் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று உண்டு: கிரவுண்ட், லாக், சால்ட். முதல் நிலையில் கருவி மண்ணை விடாமல் பின்தொடர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டாவதில் அந்த அளவு பூட்டப்படும். மூன்றாவது உப்பு ஈரத்துக்கு. "இந்தச் சுவிட்சை எடுத்துவிடுங்கள், கருவியே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற கோரிக்கை நியாயமாகத் தெரியும். நடப்பது வேறு.

மெல்லிய சிக்னல் ஒன்று வருகிறது. அதே இடத்தில் காயிலைச் சின்னச் சின்ன வீச்சாக முன்னும் பின்னும் ஆட்டுகிறீர்கள். பின்தொடரும் கருவிக்கு அந்தப் பொருளும் மண்ணின் ஒரு பகுதியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. நாலைந்து வீச்சில் சத்தம் தேய்ந்துபோகும். "பொய்ச் சிக்னல்" என்று நகர்ந்துவிடுவீர்கள். மோதிரம் அங்கேயே கிடக்கும். தவறாமல் செய்ய வேண்டிய முறை இது: உலோகம் இல்லாத இடம் ஒன்றைப் பார்த்து, காயிலைத் தரைக்கு 3 செ.மீ. மேலிருந்து 25 செ.மீ. வரை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கருவி விடாமல் தரும் மெல்லிய ஹம் சத்தம் ஒரே அளவாக நின்றதும் பூட்டுங்கள். மண்ணின் நிறம் மாறினாலோ, நீர் தெளித்த பாத்தியிலிருந்து காய்ந்த தரைக்கு வந்தாலோ திரும்பச் செய்யுங்கள்.

எனவே சுவிட்ச் இருக்கட்டும் என்றே கேளுங்கள். பிடியில் உள்ள மூன்று நிலை டிரிகரும் இருக்கட்டும். கையுறையோடும், மழைத்துளி பட்ட விரலோடும், திரையைப் பார்க்காமலும் மாற்ற முடிகிற கட்டுப்பாடு அது. மெனுவுக்குள் நான்கு அழுத்தத்துக்கு அப்பால் போனால் பூட்டு இருந்தும் யாரும் பூட்ட மாட்டார்கள்.

"தங்கம் மட்டும் காட்டும் மோடு"

இதைக் கேட்காத வீடு இல்லை. ஆனால் தர முடியாதது. கருவி அளப்பது உலோகத்தின் பெயரை அல்ல. அதற்குள் எழும் சுழல் மின்னோட்டம் எவ்வளவு தாமதமாகப் பதில் சொல்கிறது என்பதை. அந்தத் தாமதத்தைத் தீர்மானிப்பவை கடத்துதிறன், தடிமன், அளவு, வடிவம் எல்லாம் சேர்ந்து. மெல்லிய தங்க மோதிரமும் சுருட்டிய அலுமினியத் தாளும் திரையில் ஒரே எண்ணில் விழும். எம்எக்ஸ்டியின் எண்வரிசை கழித்தல் 95-லிருந்து கூட்டல் 95 வரை. அதை ஆயிரம் படியாக நீட்டினாலும் இந்த ஒன்றுசேர்தல் பிரியாது.

நம் வீடுகளில் அதிகம் தொலைவது சங்கிலி. அதைத் தேடுபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோத்த வளையங்கள் ஒன்றையொன்று தளர்வாகத் தொடுவதால் மின்னோட்டம் முழுச் சங்கிலியையும் சுற்றி வராது. கருவிக்கு அது மூன்று பவுன் பொருளாகத் தெரியாது. தனித்தனிச் சின்ன வளையங்களாகவே தெரியும். பெரும்பாலும் கொக்கியோ, கோத்திருக்கும் டாலரோ, தாலி உருவோதான் சத்தம் கொடுக்கும். மூக்குத்தியும் இதே கஷ்டம். இவற்றுக்கு உதவுவது உயர்ந்த அதிர்வெண்ணும் சின்னக் காயிலும்தான். ஆகவே பட்டியலில் "தங்க மோடு" என்று எழுதாமல், எம்எக்ஸ்டியின் 14 கிலோஹெர்ட்ஸோடு 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் இன்னொரு அதிர்வெண், 6 அங்குலக் காயில் என்று எழுதுங்கள். உயர்ந்த அதிர்வெண்ணில் செம்மண் கூடுதலாகக் கத்தும் என்பதால், இதற்கும் மேலே சொன்ன கைமுறை மண் சரிசெய்தல் தேவைப்படும்.

கோலார் தங்கவயல் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் இந்தக் கேள்வி வரும். அங்கே சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. அங்கிருந்த தங்கம் பெரும்பாலும் வெண்கற்பாறைக்குள் மிக நுண்ணிய துகளாகப் பரவியிருப்பது; கையடக்கக் கருவி எதுவும் அந்தத் துகளைக் கேட்காது. ஆன்டெனா கம்பியைப் பிடித்துக்கொண்டு 50 மீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் பொருள்களுக்கு இயற்பியலில் இடமே இல்லை. வெடிகுண்டைக் காட்டும் என்று அதே மாதிரிக் கம்பிக் கருவியான ஏடிஇ 651-ஐ விற்றவருக்கு 2013-ல் பிரிட்டனில் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள்.

வெளிநாட்டு நாணயப் பெயர்களை அப்படியே விட்டுவிடுவது

எம்எக்ஸ்டியின் திரை நிக்கல், குவார்ட்டர் என்று அமெரிக்கக் காசுகளின் பெயரைக் காட்டும். இங்கே அதற்கு அர்த்தமில்லை. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் எவர்சில்வர். கருவி அவற்றை இரும்போடு சேர்த்துவிடக்கூடும். ஐந்து ரூபாயின் நிக்கல் பித்தளை வேறு இடத்தில் விழும். பெயர்களை நாமே பதியும் வசதி வேண்டும் என்று கேளுங்கள். வெள்ளி மெட்டி, பித்தளைக் குழாய் வால்வு, ஐந்து ரூபாய் என மாதிரி காட்டிப் பெயர் சூட்ட முடிந்தால் திரை உதவும்.

பழங்காலப் பொருள் தேடும் "ரெலிக் மோடு" பற்றி ஒரு சொல்: புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அருகே தோண்டவே கூடாது. அந்த மோடுக்காகப் பட்டியலில் இடத்தை வீணாக்க வேண்டாம்.

பலஅதிர்வெண் வந்தால் பழைய ஒற்றை அதிர்வெண் வேண்டாம் என்பது

ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்வது மண்ணைக் கழிப்பதில் நல்ல முன்னேற்றம். ஆனால் காது திறந்திருக்கும் இடங்கள் கூடினால் வெளி இரைச்சல் நுழையும் வழியும் கூடும். யூபிஎஸ், எல்ஈடி விளக்கு டிரைவர், லிஃப்ட் மோட்டார், மேலே செல்லும் உயரழுத்தக் கம்பி என்று பெங்களூர் அபார்ட்மென்ட் வளாகம் முழுக்க அதுதான். அங்கே 14 கிலோஹெர்ட்ஸ் ஒன்றை மட்டும் வைத்து, அதையும் சில படிகள் முன்னே பின்னே தள்ளி அமைதியான இடம் தேட முடிந்தால்தான் வேலை நடக்கும். இரண்டையும் கேளுங்கள்.

பழைய காயில் பொருந்தும் என்று நம்பிவிடுவது

பெயர் திரும்பி வந்தால் உள்ளுறுப்பும் திரும்பி வரும் என்பதில்லை. மைன்லேப் என்ற வேறொரு நிறுவனத்தின் எக்ஸ்டெரா 705 டிடெக்டரில் காயிலை மாற்றித்தான் 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று அதிர்வெண்ணை மாற்ற முடியும். 2023-ல் வந்த எக்ஸ்டெரா ப்ரோ ஒரே காயிலில் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் தருகிறது, நல்ல மாற்றம். ஆனால் 705-ன் காயில்கள் அதற்குப் பயன்படாது, தங்கம் தேடும் தனி மோடும் போய்விட்டது. பிளக் பொருந்தினாலும் காயிலின் இண்டக்டன்ஸ், பின் வரிசை, அனுப்பும் சுருளுக்கும் வாங்கும் சுருளுக்கும் இடையிலான சமன் ஆகியவை கருவிக்குக் கருவி வேறு. மாற்றிச் செருகினால் கருவி கெடவும் கூடும். "பழைய காயில்கள் வேலை செய்யுமா, எவை" என்று காயில் பெயரோடு எழுதிக் கேளுங்கள். கூடவே எளிதில் கழற்றும் காயில் கவர் கேளுங்கள். மழைக்குப் பின் கவருக்குள் சேரும் செம்மண் நகரும்போதெல்லாம் பொய்ச் சத்தம் எழும்.

வயர்லெஸ், பேட்டரி, தண்ணீர்

"புளூடூத் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் சாதாரண புளூடூத்தான் வரும். அதில் தாமதம் 200 மில்லிவிநாடி வரை போகும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காயிலை வீசினால் சத்தம் கேட்கும்போது காயில் 20 செ.மீ. தாண்டிப் போயிருக்கும்; குழியைத் தவறான இடத்தில் வெட்டுவீர்கள். 40 மில்லிவிநாடிக்குள் என்று எண்ணைக் குறிப்பிடுங்கள், ஒயர் ஹெட்ஃபோன் துளையையும் விடாதீர்கள்.

எம்எக்ஸ்டி எட்டு ஏஏ செல்லில் ஓடும். கனம் உண்டு, ஆனால் தெருமுனைக் கடையில் மாற்றுச் செல் கிடைக்கும். உள்ளே அடைத்த லித்தியம் சில வருடத்தில் தேய்ந்தால், பெட்டியைத் திறக்க ஆள் தேட வேண்டும். கழற்றும் இரண்டு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்), யூஎஸ்பி-சி சார்ஜ், அவசரத்துக்கு ஏஏ ஹோல்டர்: இதுவே சரியான கோரிக்கை. பெங்களூர் எஸ்பி ரோட்டுக் கடைகளில் 18650 வாங்கும்போது 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டதைத் தொடாதீர்கள். அந்த அளவு உருளையில் நல்ல செல்லுக்கே 3,500 பக்கம்தான் நிற்கும்.

தண்ணீரில் முக்கி எடுக்கும் பாதுகாப்பையும் எல்லோரும் கேட்கிறார்கள். காயில் ஏற்கெனவே நீர்புகாதது. இங்கே தேவை அக்டோபர் மழையைத் தாங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. முழுதாக ஒட்டி அடைத்த பெட்டியில் ஒரு பட்டன் போனாலும் மொத்தப் பலகையையும் மாற்றச் சொல்வார்கள். திருகாணியும் மாற்றக்கூடிய ரப்பர் வளையமும் உள்ள பெட்டியை, உதிரிப் பாகங்களின் விலைப்பட்டியலோடு கேளுங்கள்.