கச்சேரி இரவுக்கு ஒரு செம்புக் காசு

2017 ஜூலை 1, சனிக்கிழமை. கிளீவ்லாந்து ஏரிக்கரை விளையாட்டரங்கில் யு2 ராக் இசைக்குழுவின் கச்சேரிக்கு நானும் தம்பியும் போனோம். 1987இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம் அது. அன்றைய டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் இன்று வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் தாளில் எழுத்து நிற்பதில்லை. அதன் பிறகு வந்த டிக்கெட்டுகளோ கைபேசியோடு போய்விட்டன. அன்று பகலில் நகரத்தில், கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டு அழுத்திப் படம் பதித்து எடுத்த பென்னி, அதாவது அமெரிக்க ஒரு சென்ட் காசு, மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எந்த ஊருக்குக் கச்சேரி கேட்கப் போனாலும் முதலில் பென்னி இயந்திரத்தைத் தேடுகிறேன். அருங்காட்சியகக் கடைகள், விலங்குக் காட்சிச்சாலைகள், சுற்றுலா இடங்களின் வாசல்கள் ஆகியவற்றில் தேடுங்கள். காசை இப்படி அழுத்தும் பழக்கம் 1892, 93இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் தொடங்கியது. ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை அமெரிக்கச் சட்டம் இதைத் தடுப்பதில்லை.

எல்லாம் காசைப் பொறுத்தது. 1982க்கு முந்தைய பென்னியில் 95 விழுக்காடு செம்பு. பிறகு வந்தவை துத்தநாகம். மேலே செம்புப் பூச்சு மட்டும். உருளைகளுக்கு இடையில் நசுங்கும்போது அந்தப் பூச்சு கிழிந்து, படத்தின் குறுக்கே வெள்ளிக் கோடுகள் ஓடும். அந்தக் கோடு விழுந்த காசை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. 1982இல் இரண்டு வகையும் வந்தன. சமையலறைத் தராசில் வைத்தால் செம்புக் காசு 3.1 கிராம், மற்றது 2.5. தராசு இல்லையென்றால் மேசையில் போட்டுக் கேளுங்கள். செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் மந்தமாக விழும். புழக்கத்துக்காகப் பென்னி அடிப்பதை 2025 நவம்பரில் அமெரிக்கா நிறுத்திவிட்டது. ஆகவே கையில் வரும் பழைய பென்னிகளை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

அழுத்துவதற்கு முந்தைய நாள் குத்துவிளக்கு துலக்குவதைப் போலப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுவேன். அழுத்திய பிறகு மட்டும் இதைச் செய்யாதீர்கள். நுண்ணிய கோடுகள் மழுங்கிவிடும்.

பழைய இயந்திரங்கள் 51 சென்ட் கேட்கும்: இரண்டு கால் டாலர், ஒரு பென்னி. புதியவை ஒரு டாலருக்கு மேலும் வாங்குகின்றன. இந்தக் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துப்போக எம் அண்ட் எம்ஸ் மினிஸ் மிட்டாயின் காலிக் குழல் அளவெடுத்ததுபோல் பொருந்தும். கைப்பிடியைச் சுற்றி, வேண்டிய படத்துக்கு நேராக அம்புக்குறி வந்த பிறகுதான் காசைப் போட வேண்டும். போட்டபின் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். நடுவில் கனக்கும், அங்கே நிறுத்தாதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். விழுந்த காசை விளிம்பில் பிடித்து எடுங்கள். புதுச் செம்பில் விரல்ரேகை பதிந்தால் சில வாரங்களில் கறுத்துவிடும்.

பிரான்ஸ் போகிறவர்களுக்குப் பாரிஸ் நாணயசாலையின் சுற்றுலாப் பதக்கங்கள் உண்டு: 34 மில்லிமீட்டர், பொன்னிறம், அடித்தே வருபவை. பலவற்றில் ஆண்டும் பொறித்திருக்கும். என் மனம் என்னவோ நானே சுற்றி எடுத்த காசிடம்தான் போகிறது.

பாதுகாப்பில் ஒரு தவறு செய்தேன். மலிவான பிவிசி உறைகளில் போட்டு வைத்ததில் ஒன்பது காசுகள் பச்சைப் பிசினாகிவிட்டன. இன்றும் வருந்துகிறேன். பிவிசி கலக்காத காசு ஆல்பம் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.

பென்னியில் இடத்தின் பெயர் இருக்கும், நீங்கள் கேட்ட இரவு இருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். தூங்கப் போகும் முன், அன்றே, ஒரு சிறு அட்டையில் பென்சிலால் தேதி, குழு, உடன் வந்தவர், கண்ட ஒரு காட்சி ஆகியவற்றை எழுதிக் காசுக்குப் பின்னால் செருகுங்கள். மறுநாளுக்கு விட்டால் காட்சி நழுவிப் பாட்டுப் பட்டியல்தான் மிஞ்சும். கிளீவ்லாந்துக் காசின் அட்டையில் இப்படி இருக்கிறது: “டிரம்ஸ் வாசிப்பவர் முதலில் தனியாக நடந்து வந்து உட்கார்ந்தார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.”