புள்ள மூஞ்சிய திருப்பிக்கிச்சுன்னா கோவம் இல்லைங்க

பிரசவத்துக்கு வீட்டுக்காரி ஏற்காட்டுல அவங்க அம்மா வீட்டுல இருந்தாங்க, நான் சேலத்துல வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் புள்ளைய கையில வாங்கிப் பேச ஆரம்பிச்சா அது அந்தப்பக்கம் திரும்பிக்கும், அப்பான்னு தெரியலையோன்னு மனசே விட்டுப்போச்சு. அது "வேணாம்"னு சொல்லல, "கொஞ்சம் இரு"ன்னுதான் சொல்லுதுன்னு புரியவே ரெண்டு வாரம் ஆச்சு, அதான் புது அப்பா அம்மாங்களுக்கு எழுதறேன்.

மொதல்ல நேரம் பாருங்க. தூக்கம், அரைத்தூக்கம், அழுகைன்னு பச்சப்புள்ளைக்கு 6 நிலை இருக்குன்னு பிரேசல்டன்ங்கற அமெரிக்க குழந்தை டாக்டர் 1973-ல வெளியிட்ட அளவுகோல்ல இருக்கு. அதுல கண்ண நல்லா முழிச்சுகிட்டு கைகால் ஆட்டாம அமைதியா கெடக்கும் பாருங்க, அதான் பேசற நேரம், ஆரம்பத்துல சில நிமிஷம்தான் கிடைக்கும்.

மூஞ்சிய 20லருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல வைங்க, அதுக்கு அவ்ளோ தூரம்தான் ஓரளவு தெளிவா தெரியும், பால் குடிக்கும்போது அம்மா மூஞ்சி இருக்கற தூரமும் கிட்டத்தட்ட அதேதான். தூளிக்குள்ள எட்டிப் பாத்து பேசறத விட மடியில வெச்சு பேசுங்க.

ஒரு வார்த்தை பேசுங்க, நிறுத்துங்க, காத்திருங்க. இதுதான் கஷ்டம், நாம விடாம பேசிகிட்டே இருப்போம், அது பதில் சொல்ல லேட் ஆகும். கண்ணு விரியும், வாய் குவியும், கால் ஒரு ஒதை விடும், அத பாத்துட்டு திரும்ப பேசுங்க. பால் குடிக்கும்போதும் இப்படித்தான், உறிஞ்சும், நிறுத்தும், அம்மா லேசா ஆட்டுவாங்க, ஆட்டறத விட்டதும் திரும்ப குடிக்கும், மாத்தி மாத்தி பேசறதுக்கு இதான் மொத பழக்கம்னு நான் நெனைக்கறேன்.

பார்வைய திருப்புது, கொட்டாவி விடுது, விரல விரிக்குதுன்னா போதும்னு அர்த்தம். கிலுகிலுப்பைய ஆட்டி இந்தப்பக்கம் திருப்பாதீங்க, சும்மா இருங்க, தெம்பு வந்தா தானே பாக்கும், இல்ல தூங்கட்டும்.

மலைக்குளிருக்கு கையுறை போட்டு இறுக்கி சுத்திடறோம், சரிதான், ஆனா கை வாய்க்குப் போறது பசிக்கு ஆரம்ப அடையாளங்கள்ல ஒண்ணு, அது தெரியாம போயிடுது. கதகதப்பான ரூம்ல கைய மட்டும் வெளிய விடுங்க, அழற வரைக்கும் விட்டா அப்புறம் பால் குடிக்க வெக்கறதே பாடு.

தூக்கத்துல சிரிச்சா நரி விரட்டுதுன்னு எங்க மாமியார் சொல்வாங்க, அது தன்னால வர்றது. உங்கள பாத்து சிரிக்கறது ஒன்றரை மாசம் வாக்குல வரும், அழுகையும் அப்பதான் உச்சத்துல இருக்கும், அதனால பயந்துக்காதீங்க. 3 மாசம் ஆகியும் மூஞ்சிய பாக்கல சிரிக்கலன்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.